கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இடம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு அளவு கொடுத்தது நான்தான். இன்ஜினியர் மேல் தவறில்லை. மேஸ்திரி மேலும் தவறில்லை. (இதை எங்காவது எழுத்தில் போடும்படி மேஸ்திரி அய்யாக்கண்ணு மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். போட்டாயிற்று.)

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் மாடல் செய்வது என் வேலை. ஃபியூஸ் கட்டையோ, மின்கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக் குமிழோ, முதல் உருவத்தை நான் செய்து கொடுத்தால்தான் அதை வைத்து அச்சு எடுப்பார்கள். இந்தத் தொழிலில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: மண் சுருங்கும். எங்கள் மண் எட்டு அங்குலமாகச் சூளைக்குள் போனால் ஏழு அங்குலமாக வெளியே வரும். ஏழு வேண்டுமென்றால் எட்டாகச் செய்ய வேண்டும். கம்பெனியில் யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும், "சுருக்கம் போட்டீங்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி. முதலாளியிடமே ஒருமுறை கேட்டிருக்கிறேன். (அவர் காட்டியது அவருடைய மகளின் கல்யாணப் பத்திரிகை.)

இதற்கென்றே என் மேஜைக்கு மேல் ஒரு ஸ்கேல் தொங்கும். அதில் ஓர் அங்குலம் என்று கோடு போட்டிருப்பது நிஜ அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அதை வைத்து அளந்தால் போதும், சுருக்கக் கணக்கை ஸ்கேலே பார்த்துக்கொள்ளும், மூளை சும்மா இருக்கலாம். இருபத்திரண்டு வருடமாக என் மூளை சும்மாதான் இருந்தது.

அப்போது நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். ஒரே ஒரு படுக்கை அறை. என் மனைவி செல்விக்குச் சீராக வந்த கட்டிலை அதில் சுவரோடு ஒட்டித்தான் போட முடிந்தது. சுவர்ப்பக்கம் செல்வி, வெளிப்பக்கம் நான். விடிகாலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அவள் எழுந்து, என் கால்களைத் தாண்டி, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். நான் கண்ணைத் திறக்காமலே, "பாத்து எறங்கு" என்பேன். பதினாறு வருடம் தினமும் சொல்லியிருக்கிறேன். அக்கறையான கணவன் என்று என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

மனை வாங்கி, வீடு கட்டலாம் என்று முடிவானதும் செல்வி ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்தாள்.

"எனக்கு டைல்ஸு என்னா கலர்ல வேணா போடுங்க. கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் எறங்கற மாதிரி ஒரு ரூமு வேணும். அவ்ளோதாங்க."

கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு சின்ன ஆசையை நிறைவேற்ற முடியாதவன் ஓர் ஆண்மகனா என்று, அன்று, எனக்குள் கேட்டுக்கொண்டேன். (இந்தக் கேள்விக்கான பதிலை மூன்று வருடமாகத் தவிர்த்து வருகிறேன்.)

இன்ஜினியர் ஒரு பிளான் போட்டுக் கொடுத்தார். இருபதுக்கு இருபத்தெட்டு, கீழே ஹால், சமையலறை, ஒரு படுக்கை அறை, மேலே இரண்டு அறை. அந்தப் பேப்பரைச் செல்வி நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல வூடு எங்க இருக்குது?" என்றாள். என் மகள் நிவேதா, ஹாலைச் சமையலறை என்று நினைத்துக்கொண்டு, அதில் டிவி எதற்கு என்று சண்டை பிடித்தாள். திட்டக்குடியிலிருந்து வந்த மைத்துனன் ராஜவேலு, "மாமா, படிக்கட்ட வெளிய வைங்க. மாடிய வாடகைக்கு வுடலாம்" என்றான். அக்கினி மூலையில் அடுப்பு வைத்தால் படிக்கட்டு நகர்ந்தது. படிக்கட்டை நகர்த்தினால் பாத்ரூம் ஈசானிய மூலைக்குப் போய் உட்கார்ந்தது. காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாங்களே பத்துப் பிளான் போட்டிருப்போம். அதில் ஒன்றில் படிக்கட்டே இல்லை. அதைத்தான் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பேப்பரில் புரியாதவர்களுக்குப் பீங்கானில் காட்டினால் என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி மண்ணைக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தேன். அரை அங்குலம் ஓர் அடிக்குச் சமம் என்று வைத்துக்கொண்டு சுவர், கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாம் செய்தேன். மாடியை மூடி போலத் தூக்கிப் பார்க்கலாம். படுக்கை அறை மட்டும் தனிக் கவனத்தோடு செய்யப்பட்டது. கட்டிலுக்கு ஐந்து அடி, பீரோவுக்கு இரண்டு அடி, கட்டிலின் இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை. மொத்தம் பத்து அடி அகலம். கட்டிலையும் பீரோவையும்கூட அதே மண்ணில், அதே அளவில் செய்து உள்ளே வைத்தேன். அளப்பதற்கு நிவேதாவின் ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட ஸ்கேல். அதில் ஓர் அங்குலம் என்றால் ஓர் அங்குலம்தான்.

முதலாளியிடம் கேட்டு, சூளையில் ஒரு மூலையில் வைத்துச் சுட்டேன். வீடு வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது. கொஞ்சம் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் சூளையிலிருந்து எது வந்தாலும் சின்னதாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை.

வீட்டில் எல்லோருக்கும் பிளான் ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது. செல்வி மாடியைத் தூக்கி வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கால்களாக்கிக் கட்டிலின் மேல் நிறுத்தினாள். பிறகு இடது பக்கம் இறக்கி நடத்தினாள். மறுபடி ஏற்றி, வலது பக்கம் இறக்கி நடத்தினாள். "இந்தப் பக்கமும் எறங்கலாம், அந்தப் பக்கமும் எறங்கலாம்" என்று சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டில், பீரோ, அறை மூன்றும் சேர்ந்தே சுருங்கியிருந்ததால் எல்லாம் எல்லாவற்றுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

அய்யாக்கண்ணுவை வரச்சொல்லி அந்த வீட்டை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். "அரை அங்குலம்னா ஒரு அடி. இதப் பாத்துக் கட்டிடுங்க" என்றேன். அவர் அதைக் கைக்குழந்தையைப் போல வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கம்பெனியில் இருக்கும்போது போன் வந்தது.

"சாரு, அஸ்திவாரத்துக்கு நூலு கட்டலாம்னு இருக்கறன். பேப்பர்ல அகலம் இருபது அடி போட்டிருக்குது. பொம்மைய அளந்தா பதினேழரைதான் வருது. எத வச்சிக்கட்டும்?"

மேஸ்திரிக்குக் கால் அங்குலம், அரைக்கால் அங்குலமெல்லாம் படிக்க வராது போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டேன்.

"மேஸ்திரி, பேப்பர மடிச்சிப் பையில வைங்க. பொம்மை என் கையால செஞ்சது. அதுல தப்பு வராது."

"அதுக்கில்ல சாரு, ரெண்டரை அடி..."

"இருபத்திரண்டு வருஷமா இதுதான் மேஸ்திரி எனக்குத் தொழிலு."

"சரிங்க சாரு. அப்ப காத்துக்குன்னு சைடுல எடம் வுட்டிருக்கீங்க. நல்லதுதான்."

"ஆமா, ஆமா" என்று போனை வைத்தேன்.

அஸ்திவாரம் போட்டதும் செல்வி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஏங்க, ரூமு சின்னதா தெரியுதே" என்றாள். அஸ்திவாரத்தில் எல்லா வீடும் சின்னதாகத்தான் தெரியும், சுவர் எழும்பினால் பெரியதாகிவிடும் என்றேன். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சுவர் எழும்பியதும் மறுபடி கேட்டாள். பூச்சு முடியட்டும் என்றேன். பூச்சு முடிந்தது. வெள்ளை அடித்தால் பளிச்சென்று பெரியதாகத் தெரியும் என்றேன். வெள்ளை அடித்தார்கள். பளிச்சென்று, சின்னதாகத் தெரிந்தது.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் ராஜவேலு ஒரு குட்டியானை வண்டியில் எங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தான். முதலில் பீரோவை இறக்கி, படுக்கை அறைச் சுவரோரம் நிறுத்தினோம். பிறகு கட்டிலைக் கழற்றிக் கொண்டுபோய் உள்ளே மாட்டினோம். பீரோவின் கதவைத் திறந்து நிற்க ஒன்றரை அடி விட்டுவிட்டு, கட்டிலைத் தள்ளினோம். மறுபக்கம் சுவர் வந்துவிட்டது. இன்னும் தள்ளப் பார்த்தோம். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் மிச்சமிருந்த இடத்தில் செல்வியால் தன் உள்ளங்கையைக்கூட அகலவாட்டில் நுழைக்க முடியவில்லை. அவள் நுழைத்துப் பார்த்தாள்.

ராஜவேலு டேப்பை எடுத்து அளந்தான்.

"மாமா, எட்டே முக்கால் அடிதான் இருக்குது. அதுலயும் பூச்சுக்குக் கொஞ்சம் போயிருக்குது."

பத்து அடி. எட்டே முக்கால் அடி. குறைந்தது ஒன்றேகால் அடி. பத்தில் ஒன்றேகால் என்றால் எட்டில் ஒன்று. இருபத்திரண்டு வருடமாகச் சும்மா இருந்த என் மூளை இந்தக் கணக்கை மட்டும் நொடியில் போட்டுவிட்டது. நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன்.

"என்னாங்க?" என்றாள் செல்வி.

"சுருக்கம் போடல" என்றேன்.

அதற்குள் பாத்ரூமிலிருந்து நிவேதாவின் குரல் கேட்டது. கதவு பாதிதான் திறக்கிறதாம், வெஸ்டர்ன் டாய்லெட்டில் இடிக்கிறதாம். போய்ப் பார்த்தேன். கதவு சின்னது, அறை சின்னது, டாய்லெட் மட்டும் சரியான அளவில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. எங்கோ ஒரு மாடல்காரன் ஒழுங்காகச் சுருக்கம் போட்டிருக்கிறான்.

பீரோவையாவது மாடிக்கு ஏற்றிவிடலாம் என்று நானும் ராஜவேலுவும் டிரைவரும் முயன்றோம். மூன்றடிப் படிக்கட்டும் எட்டில் ஒரு பங்கை இழந்திருந்ததால், பீரோ திருப்பத்தில் சிக்கிக்கொண்டு ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று மதியம் வரை நின்றது. மாடியில் மாட்டிக்கொண்ட டிரைவருக்குப் பீரோவுக்கு மேலாகச் சாப்பாடு கொடுத்தோம். ஹாலில் வைத்தால் ஹால் இருக்காது. கடைசியில் அது படுக்கை அறைக்கே திரும்பி வந்தது.

செல்வி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலின் வெளிப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதை நான் கெடுத்துவிட்டேன். அன்று பட்ட வெட்கத்தை வாழ்நாளில் வேறு எதற்கும் பட்டதில்லை.

"பதினாறு வருசம் நான் செவுத்துப் பக்கம் படுத்தன்" என்றாள். "இனிமே நீங்க படுங்க."

அப்பீல் இல்லை.

விஷயம் இரவோடிரவாகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் பால் காய்ச்ச வந்த கம்பெனிக்காரர்கள் வண்ணக் காகிதம் சுற்றி ஒரு பரிசு கொடுத்தார்கள். பிரித்தால், என் மேஜைக்கு மேல் தொங்கும் ஸ்கேல். அய்யாக்கண்ணு பந்தியில் உட்கார்ந்து, எதிரில் இருந்தவர்களிடம், "நான் போன் போட்டுக் கேட்டன்" என்று ஒவ்வொரு ஆளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வீட்டுக்கு வெளியே விழுந்துவிட்ட காலி இடத்தில் செல்வி கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். யாராவது பாராட்டினால், "என் ரூமு பாதி வெளியதான் இருக்குது" என்கிறாள். அந்தப் பீங்கான் வீடு இப்போது பீரோ மேல் இருக்கிறது. ராஜவேலு எப்போது வந்தாலும் முதலில் அதைப் பார்ப்பான், பிறகு என் தொப்பையைப் பார்ப்பான். "மாமா, வூடு சுருங்கிடுச்சு. நீங்களும் எட்டுல ஒரு பங்கு சுருங்கிட்டீங்கன்னா எல்லாம் சரியாயிடும்" என்பான்.

இந்த வீட்டில் போர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது. செல்வி ஐந்து மணிக்கு எழ வேண்டியதில்லை. எனக்குத்தான் சூளையைப் பிரித்துச் சரக்கை இறக்குகிற நாட்களில் விடியும் முன்னே கிளம்ப வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவள் கால்களை மிதிக்காமல் ஒவ்வோர் அடியாக வைத்து, கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து தரையைத் தேடுவேன். அந்த நேரத்தில் செல்வி கண்ணைத் திறக்காமலே சொல்வாள்:

"பாத்து எறங்குங்க."