தேவாங்கின் மூன்று அரங்கேற்றங்கள்

ஒரு காட்டில், அரசவை இசைக்குழு வைத்துக்கொள்ளும் அளவுக்கு முன்னேறிவிட்ட காட்டில், விழியப்பன் என்ற தேவாங்கு இருந்தது. இசைக்குழுக்களுக்கு இசை எழுதுவது அதன் தொழில். எழுதியதை யாரும் வாசிக்காமலிருப்பது அந்தத் தொழிலின் வழக்கம்.

விழியப்பனுக்கு நல்ல காலம் வந்தது. அதன் 'ஓடைக்கு அக்கரை' என்ற படைப்பை அரசவைக் குழு அரங்கேற்ற ஒப்புக்கொண்டது. அதற்கு ஓர் ஒத்திகையும் நடந்தது. அதில் பாதி நேரம் நாற்காலி போடுவதில் போனது. மீதி நேரம் சிங்கம் எந்த வாசல் வழியாக வரும் என்று பேசுவதில் போனது.

சிங்கம் வந்து விளக்கேற்றியது. புல்லாங்குழல் வாசித்த கொக்கு முன்னால் போய்விட்டது. முரசு வாசித்த ஆமை பின்தங்கிவிட்டது. செல்லோ என்ற பெரிய வயலினை வாசித்த கரடி கருத்தையா நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்தது. எப்படியோ முடிந்ததும் பலத்த கைதட்டல். இந்தக் காலத்து இசை இப்படித்தான் இருக்கும் என்று அரங்கம் நம்பியது. மறுநாள் நாளேட்டில் ஆந்தை, 'சிதறலின் அழகு' என்று எழுதியது.

பாராட்டு வந்துவிட்டது. ஆனால் தான் எழுதியதை விழியப்பன் இன்னும் கேட்கவில்லை. கணினியை வாசிக்கவைத்து இணையத்தில் ஏற்றியிருந்தது. அதைக் கேட்ட ஒரே ஆளும் விழியப்பன்தான். கணினி ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. ஆனால் கணினிக்கு மூச்சு கிடையாதே. மூச்சுள்ளவை ஒரே ஒரு முறை எழுதியபடி வாசித்து, அதைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்பது விழியப்பனின் ஆசை.

அது இசைக்குழுவின் செயலாளரான நரியிடம் போனது.

"ஐயா, அதையே இன்னொரு தடவை வாசிக்கலாமா?"

"எதுக்கு? அதான் அரங்கேறிடுச்சே."

"இன்னும் கொஞ்சம் நல்லா வாசிச்சா…"

"இங்க பாரு. முதல் தடவை வாசிச்சா அரங்கேற்றம். ரெண்டாவது தடவை வாசிச்சா வெறும் கச்சேரி. அரங்கேற்றத்துக்குச் சிங்கம் வருவார். கச்சேரிக்கு அவரோட மச்சான்கூட வரமாட்டார். புதுசா இருந்தா கொண்டா."

விழியப்பன் வீட்டுக்குப் போய் முதல் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு, புதுப் பக்கத்தில் 'வேர்களின் வாக்குமூலம்' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தது. நரி எப்போதும் முதல் பக்கம்தான் படிக்கும். "ஆழமா இருக்கு" என்றது.

மறுபடியும் விளக்கு, மறுபடியும் சிங்கம். இந்தத் தடவை ஆமை முன்னால், கொக்கு பின்னால். 'முந்தைய படைப்பிலிருந்து துணிச்சலான விலகல்' என்று எழுதியது ஆந்தை.

கரடி மட்டும் மேடைக்குப் பின்னால் வந்து நின்றது.

"தம்பி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? இது போன வருஷத்துச் சரக்குதானே?"

தேவாங்கின் கண்கள் இதற்குமேல் விரிய இடமில்லை. "எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டு தடவையும் ஒரே இடத்துல தடுக்கி விழுந்தேன். சரி, அந்த இடத்துல ஒரு மெட்டு கேக்குதே, அது நிஜமா, இல்ல எனக்குத்தான் அப்படியா?"

"நிஜந்தாண்ணே. எல்லாரும் சேர்ந்து வந்தாத்தான் கேக்கும்."

"அடப்பாவி, மெட்டெல்லாம் போட்டிருக்கியா! சொல்லவே இல்ல?"

"சொன்னா பழைய ஆளுன்னு எழுதிடுவாங்கண்ணே."

கரடி சிரித்தது. "அடுத்த தடவையும் இதையே கொண்டா. மத்தத நான் பாத்துக்கறேன்."

அதன்பின் கரடி, கொக்கையும் ஆமையையும் மற்றவர்களையும் தன் குகைக்கு அழைத்துத் தேன் கொடுத்தது. தேன் தீர்ந்த பிறகும் போகவிடாமல் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னது. அந்தக் குழுவின் வரலாற்றில் அப்படி யாரும் செய்ததில்லை.

மூன்றாம் அரங்கேற்றத்தில் படைப்பின் பெயர் 'இடைவெளி, இன்னொரு இடைவெளி'. கொக்கும் ஆமையும் சேர்ந்து புறப்பட்டன. கரடி தடுக்கி விழும் இடம் வந்தது. இந்தத் தடவை அது விழவில்லை. செல்லோவின் அடியிலிருந்து மெட்டு எழுந்து வந்தது. அரங்கத்தில் இருமல் நின்றது. சிங்கம் விழித்துக்கொண்டது. விழியப்பன் முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது.

கடைசி வரிசையில் இருந்த எருமையக்காவுக்கு மெட்டு பிடித்துப்போனது. "போன்ல வச்சுக்கலாம் போலிருக்கே!" என்று, பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியைத் தட்டிப் போனை உயர்த்தியது. குழு கணினியைப் போலவே பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்ததால், போன் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. கணீரென்று சொன்னது: "ஓடைக்கு அக்கரை!"

"ஓடையா?" என்று சிங்கம் எழுந்தது. "அதுக்கு நான் ஏற்கெனவே விளக்கேத்திட்டேனே!"

வாசிப்பு நின்றது. நரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேடையேறியது. "விழியப்பா, பழசையா கொடுத்த? ஆமான்னு மட்டும் சொல்லு, இனிமே உன்னோட ஒரு சுரத்தைக்கூட இந்தக் காட்டுல யாரும் தொடமாட்டாங்க."

விழியப்பன் கரடியைப் பார்த்தது. கரடி 'சொல்லு தம்பி, பாத்துக்கலாம்' என்பதுபோல் தலையசைத்தது.

"என் புதுப் படைப்பு வேறங்க" என்றது விழியப்பன். "கரடி அண்ணன்தான் குகையில தனியா ஒத்திகை வச்சு, பழைய தாளை எடுத்து எல்லாருக்கும் கொடுத்துட்டார்."

"தம்பி!" என்றது கரடி.

கொக்கும் ஆமையும் தரையைப் பார்த்தன. அனுமதியின்றி ஒத்திகை பார்த்த குற்றத்துக்காகக் கரடி அன்றே நீக்கப்பட்டது. விழியப்பன் அவசரமாகப் புதிதாக ஒன்றை எழுதிக் கொடுத்தது. கொக்கு முன்னால், ஆமை பின்னால். சிங்கம் விழியப்பனுக்கு 'இசைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுத்தது.

கரடி ஒரு கல்யாண பேண்டில் சேர்ந்தது. வரவேற்புக்கு வரவேற்பு அந்த மெட்டை வாசித்தது. ரேஷன் வரிசையில் முயல்கள் அதை முணுமுணுத்தன. காடு முழுக்க அதற்குக் 'கரடி மெட்டு' என்று பெயராயிற்று.

ஒரு குரங்கு வீட்டு வரவேற்புக்குச் சக்கரவர்த்தி விழியப்பன் சிறப்பு விருந்தினராகப் போனது. பேண்ட் தொடங்கியது. மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் வந்து, "எப்படி சார் நம்ம கரடி மெட்டு?" என்றது.

விழியப்பனால் தாங்க முடியவில்லை. "அது நான் எழுதினது."

குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "டேய், இங்க வாங்கடா, சார் ஜோக்கடிக்கிறார்! உங்க அரங்கேற்றம் ஒண்ணு விடாம வந்து தூங்கியிருக்கேன் சார். உங்களுக்கு இப்படியெல்லாம் எழுத வருமா?"

விழியப்பன் மேடையோரம் ஓடியது. "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

கரடி செல்லோவின் வில்லைத் துடைத்தபடி, "எனக்கு என்ன சார் தெரியும்?" என்றது. "பந்தி போட்டாச்சு, போய்ச் சாப்பிடுங்க சார்."

பிறகு மெட்டை மறுபடி எடுத்தது. ஒரு சுரம் பிசகவில்லை.

நீதி: உங்கள் படைப்பைச் சரியாக வாசிப்பவரை உடனே வேலையைவிட்டு நீக்கிவிடுங்கள். பட்டமும் உங்களுக்குக் கிடைக்கும். உங்கள் பாட்டையும் சாப்பாட்டோடு இலவசமாகக் கேட்கலாம்.