ஏரிக்குள் நின்று ஏரியைத் தேடியவன்

"தெரியாது" என்று சொல்ல என் நாக்கு லேசில் வளையாது. பிள்ளைகளே, இதை வேறு யாராவது உங்களுக்குச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். (உங்கள் அம்மா ஏற்கெனவே பாதியைச் சொல்லியிருப்பாள். அதில் பொய் இல்லை, மசாலாதான் கொஞ்சம் தூக்கல்.)

அரியலூர் முதல் தடவை தனி மாவட்டமான வருஷம் அது. (பிறகு பெரம்பலூரோடு சேர்ந்தது, மறுபடியும் பிரிந்தது. அந்தக் குழப்பத்தில்தான் வழி தவறினேன் என்று சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் நம்பவில்லை.) நான் குன்னத்தில் வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். மூத்தவளே, நீ அம்மா வயிற்றில் இருந்தாய்.

லப்பைக்குடிக்காட்டு காதர் பாய் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். அவருடைய முதலாளி வீட்டுக்கு ஒரு டிரைவர் தேவை. ஆளைத் தேர்ந்தெடுப்பது பாயின் பொறுப்பு. யாரோ என் பெயரைச் சொல்ல, கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, அரபி வூட்டுப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு பாலைவனத்து ரோட்டுல போவணும். நிதானமான ஆளா இருக்கணும். ஞாயித்துக்கெழம எங்க வூட்டு ஆளுங்களுக்கு நம்ம பக்கத்துப் பழைய எடங்கள சுத்திக் காட்டு. ஒன் கையும் தெரிஞ்சுடும், நாங்களும் பாத்த மாதிரி இருக்கும். எடமெல்லாம் தெரியும்ல?"

"அத்துப்படிங்க பாய்" என்றேன்.

(கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நான் போனது ஒரே தடவை, ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவில். பஸ்ஸில் வாந்தி எடுத்தது மட்டும் ஞாபகம் இருந்தது.)

அன்று சாயங்காலமே பெரம்பலூர் போய் ஒரு சிவப்பு சூட்கேஸ் வாங்கிவந்தேன். பாஸ்போர்ட்டுக்கே இன்னும் எழுதிப் போடவில்லை. உங்கள் அம்மா பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மொதல்ல வேலை கெடைக்கட்டுங்க" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷமா பயமா என்று எனக்குப் புரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாயும் அவர் மனைவியும் ஏறினார்கள். கூடவே பாயின் ராத்தாவும் வந்தார். (அக்காவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) ராத்தா மடியில் ஒரு பெரிய தூக்குவாளி. ஏதாவது ஏரி ஓரமாக உட்கார்ந்து சாப்பிட தேங்காய்ப்பால் சோறு.

முதலில் ரஞ்சன்குடிக் கோட்டை. எந்தக் கோட்டையிலும் ஒரு சுரங்கம் உண்டு என்பது என் சரித்திர அறிவில் பாதி.

"இங்கேருந்து திருச்சிக்குச் சொரங்கம் போவுதுங்க" என்றேன்.

"நீ போயிப் பாத்தியாப்பா?" என்றார் ராத்தா.

"பாதி தூரம் போயிருக்கேங்க."

ராத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலின் வெளிச்சுவரைச் சுற்றிக் காட்டினேன். ஓர் இடத்தில் சிவன் உட்கார்ந்து, கீழே கும்பிட்டபடி இருக்கும் பக்தர் தலையில் பூமாலையைச் சுற்றுகிற சிற்பம் இருக்கிறது. அது சண்டேசர் என்று பல வருஷம் கழித்து உங்கள் பாடப் புத்தகத்தில்தான் படித்தேன். அன்று நான் சொன்னது வேறு.

"இது அப்பா ராஜா, கீழ இருக்கறது மவன். மவன் கப்பல் ஏறி வெளிநாடு போறப்ப அப்பா தலப்பா கட்டி அனுப்பிவைக்கறாருங்க."

பாயின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒங்களையும் மாமு இப்படித்தான் அனுப்பிவச்சாங்க" என்றார் பாயிடம். (மாமு என்றால் மாமனார், அதாவது பாயின் அப்பா.) பாய் என் தோளில் தட்டினார். அந்தத் தட்டிலேயே நான் துபாயில் இறங்கிவிட்டேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"அடுத்தது சோழகங்கம்ங்க. ராஜா கங்கைத் தண்ணிய கொண்டாந்து ஊத்துன ஏரி. கடல் மாதிரி கெடக்கும், அலையே அடிக்கும்!"

நான் அந்த ஏரியைப் பார்த்ததே இல்லை. கோயிலுக்குப் பக்கம்தான் என்று மட்டும் தெரியும். கடல் மாதிரி ஏரி கண்ணில் படாமலா போகும் என்று வண்டியை விட்டேன். மணி இரண்டைத் தாண்டியது. வாளியிலிருந்து வாசனை வந்துகொண்டே இருந்தது.

"யாரையாச்சும் கேக்கலாமே, தம்பி" என்றார் பாய்.

"வேணாங்க பாய். இதோ வந்துடும்."

நீளமாக ஒரு மண்கரை குறுக்கே வந்தது. வண்டித்தடம் பிடித்து அதன் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினேன். (கரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று அப்போது யோசித்திருக்கலாம்.) ஒரே கருவேலங்காடு. நடுவில் வெட்டவெளி, அங்கங்கே ஆடுகள்.

"கேட்டுருவோமே, தம்பி."

"தண்ணி வாடை வருதுங்க, பாய்!"

மண் மேலே அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது, அடியில் களி. பின்சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் உள்ளே போயின. நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேன் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டது. பின்னால் தள்ளிய பாயின் வெள்ளைச் சட்டை சேற்று நிறமானது.

விறகு வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா அரிவாளோடு வந்து நின்றார். அந்த நாளில் முதல் தடவையாக நான் வாய் திறந்து கேட்டேன்.

"அக்கா, இங்க ஏரி எந்தப் பக்கம்?"

அவர் சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏரிக்குள்ள நின்னுக்கிட்டே ஏரிய கேக்கறியே, சாமி!"

ராத்தா சிரித்த சிரிப்பில் ஆடுகள் கலைந்து ஓடின. "கடல் மாதிரி கெடக்கும்னியேப்பா, தண்ணிய யாரு குடிச்சா? சொரங்கத்து வழியா திருச்சிக்குப் போயிடுச்சா?"

விறகுக்கார அம்மாவே டிராக்டருக்குச் சொல்லி அனுப்பினார். அது வரும்வரை ஏரியின் நடுவில் போர்வை விரித்து, அவரையும் உட்காரவைத்துச் சாப்பிட்டோம். சோறு அருமை. எனக்குத்தான் இறங்கவில்லை.

இருட்டுவதற்குள் லப்பைக்குடிக்காடு வந்துவிட்டோம். பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"வண்டி நல்லாத்தான் ஓட்டுற, தம்பி. மேடு பள்ளத்துலகூட குலுக்கல் இல்ல. ஆனா ஏரிக்குள்ள நின்னுக்கிட்டு ஏரி தெரியலன்னா பரவால்ல, கேக்க மாட்டேங்கறியே. ஒன்ன எப்படி பாலைவனத்துக்கு அனுப்புறது? அங்க வெறகு வெட்டுற பொம்பளகூட கெடையாது."

வீட்டுக்கு வந்து நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள், முடியாமல் சிரித்துவிட்டாள், அப்புறம் அழுதாள். "பேறுகாலத்துக்கு நீங்க பக்கத்துல இருப்பீங்கள்ல" என்றாள். சூட்கேஸ் வாங்கிவந்த அன்று புரியாத முகம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்தச் சிவப்பு சூட்கேஸில்தான் உங்கள் பழைய புத்தகங்கள் இருக்கின்றன. காதர் பாய் இன்றும் லீவில் வந்தால் என் வேனைத்தான் கூப்பிடுகிறார். சாவியைத் திருகும்போதே, "கேட்டுக்கிட்டே போவோமா, தம்பி?" என்பார். நம் வீட்டில் யாராவது கையில் இருப்பதையே தேடினால் அம்மா கேட்பது உங்களுக்கே தெரியும்: "ஏரி எந்தப் பக்கம்?"

அது நடந்து நாலைந்து வருஷம் கழித்து ஒரு பெருமழைக்குப் பிறகு உங்களையெல்லாம் அங்கே கூட்டிப்போனேன். இந்தத் தடவை கரையிலேயே வேனை நிறுத்திவிட்டேன். எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், நிஜமாகவே அலையடித்தது. நான் பெருமையோடு கையை நீட்டி, இதுதான் ஏரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் எதற்கு வம்பு என்று, அந்த வழியாகச் சைக்கிளில் போனவரை நிறுத்தினேன்.

"ஏங்க, இதுதானே ஏரி?"