ஐம்பது பார் மிச்சம்

கடலே இல்லாத இந்தச் சேலம், நாமக்கல் சீமையில் மனிதர்களை அவர்கள் விடும் மூச்சை வைத்து எடை போட்ட ஒரே ஆள் எங்கள் ஆபீஸ் 'ஐம்பது'தான். ஊர், உறவு, சம்பளம் எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. எங்கள் மேனேஜர் முப்பது லிட்டர், கத்தும்போது நாற்பது.

"நீங்க பதினெட்டுங்க" என்றார் என்னிடம். "வெசனத்துல பெருமூச்சு உடற அன்னைக்கு இருபத்திரெண்டு."

அப்படியானால் நான் வருடம் பூராவும் இருபத்திரெண்டுதான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு ஹோஸ், வால்வு விற்கும் ஆபீஸ் எங்களுடையது. நான் சேல்ஸ். மாத டார்கெட்டைத் தொட்டதே இல்லை, தொடுவேன் என்ற ஆசையும் விட்டுப்போயிற்று. இந்த லட்சணத்தில்தான் அவர் வந்து சேர்ந்தார். அந்தமானில் சுற்றுலா வருகிறவர்களை சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் கூட்டிப்போய் மீன் காட்டிக்கொண்டிருந்தவர், அம்மாவுக்கு முடியாமல் ஊர் திரும்பிவிட்டார். காற்றழுத்தம் தெரிந்த ஆள் என்று முதலாளி சேர்த்துக்கொண்டார். என் வியாபாரத்தில் பாதி அன்றோடு போயிற்று.

"ஏனுங்க, முன்னூத்தம்பது பிஎஸ்ஐ தாங்கற ஹோஸ் இருக்குதுங்களா?" என்பார் ரிக் ஓனர்.

"இருபத்திநாலு பாருன்னு கேளுங்க" என்பார் இவர். காற்றழுத்தத்துக்கு ரிக்காரர்களுக்கு பிஎஸ்ஐ கணக்கு, இவருக்கு பார் கணக்கு.

"எனக்கு முன்னூத்தம்பது வேணுங்க. இருபத்திநாலு எந்த மூலைக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"ஒண்ணுன்னா முன்னூத்தம்பதாவே குடுங்க."

இவர் மாட்டேன் என்பார், அவர் எதிர்க்கடைக்குப் போவார். நான் இருபத்திரெண்டு லிட்டர் இழுப்பேன். கேட்டால், "பத்து மீட்டர் தண்ணிக்கு ஒரு பாரு. கொழந்தைக்கும் புரியும். அடியும் பிஎஸ்ஐயும் வெச்சு எறங்குனா, கணக்கு முடியறதுக்குள்ள காத்து முடிஞ்சிரும்" என்பார். எங்கள் ஆபீஸில் தண்ணீர் இருந்ததே ஒரு கேனில்தான்.

ஐம்பது என்ற பெயர் வந்ததும் இந்தக் கணக்கால்தான். சிலிண்டரில் இருநூறு பார் காற்று இருந்தால் அழுத்தமானி முள் ஐம்பதுக்கு வருவதற்குள் மேலே வந்துவிட வேண்டும் என்பது முக்குளிப்பவர்களின் விதியாம். கடலோடு விட்டிருக்கலாம். பெட்ரோல் டேங்கில் கால்வாசி, டிபன் பாக்ஸில் கால்வாசி, செல்போன் சார்ஜில் கால்வாசி எப்போதும் மிச்சம். சினிமாவிலும் கால்வாசிப் படம் இருக்கும்போதே எழுந்து வெளியே வந்துவிடுவார். பல வருடமாக அவருக்கு எந்தக் கதையின் முடிவும் தெரியாது.

அந்தக் கோடையில், பரமத்தி வேலூரில் என் மாமனாரின் வெற்றிலைத் தோட்டத்துக் கிணற்றில், கயிறு அறுந்து மோட்டார் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆற்றை ஒட்டிய கிணறு, கோடையிலும் அறுபது அடி தண்ணீர் நிற்கும். மூச்சடக்கி இறங்கியவர்கள் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். வாடகை மோட்டார் வர நாலு நாள் ஆகும். வெற்றிலைக் கொடி அதுவரை தாகம் தாங்காது. மாமனாருக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் வேறு பிழைப்பும் கிடையாது, வேறு பேச்சும் கிடையாது. வேறு வழி தெரியாமல் ஐம்பதைக் கூட்டிப்போனேன். அந்தமானிலிருந்து வந்த நாளாக அவர் கட்டிலடியில் கிடந்த சிலிண்டரும் கூட வந்தது.

"எத்தன மீட்டருங்க?"

"அறுவது அடிங்க சாமி."

"மீட்டர்ல சொல்லுங்க."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஐம்பதே சொன்னார்: "பதினெட்டு மீட்டரு. அங்க அழுத்தம் ரெண்டு புள்ளி எட்டு பாரு. மேல இருவது லிட்டரு இழுக்கறவன் அடியில அம்பத்தாறு இழுப்பான். சிலிண்டரு பன்னெண்டு லிட்டரு, நூத்திப்பத்து பாரு இருக்குது. அம்பது கழிச்சா அறுவது. அறுவதப் பன்னெண்டால பெருக்குங்க, எழுநூத்தி இருவது லிட்டரு. பன்னெண்டு நிமிசம் சொச்சம் வரும். கயித்தக் கட்டிப்புட்டு வந்தர்லாமுங்க."

மாமனார் முகத்தில் ரெண்டு நாளுக்குப் பிறகு உயிர் வந்தது. அது கால்மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

என் மச்சானுக்கு ரிக் தொழில். வண்டி தோட்டத்திலேயே நின்றது. நல்ல மனசுக்காரன். 'பாவம் மனுசன், நூத்திப்பத்தோட எறங்கறார்' என்று அவனுக்கு இரக்கம் வந்துவிட்டது. தன் கம்ப்ரசரில் முன்னூற்றைம்பது இருக்கிறதே. ஐம்பது துணி மாற்றப் போன நேரம் பார்த்து, எதை எதோடும் மாட்டத் தெரிந்த அந்தக் கைகளால் ஹோஸை சிலிண்டரில் மாட்டி வால்வைத் திறந்தான். முன்னூற்றைம்பது பிஎஸ்ஐ என்பது வெறும் இருபத்திநாலு பார், சிலிண்டருக்குள் இருந்ததோ நூற்றிப்பத்து. காற்று உள்ளே போகவில்லை, வெளியே சீறிக்கொண்டு வந்தது. பதறி மூடுவதற்குள் முள் எண்பதுக்கு இறங்கிவிட்டது.

ஐம்பது ஓடி வந்து முள்ளைப் பார்த்தார். திட்டவில்லை. "முப்பதுதான் இருக்குதுங்க. ஆறு நிமிசம்."

"எம்பது காட்டுதே சாமி" என்றார் மாமனார்.

"அதுல அம்பது நம்முது இல்லீங்க."

"பொறவு யாரோடதுங்க?"

"கூட எறங்கறவனோடதுங்க."

"நீங்க ஒத்தையாத்தான எறங்கறீங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினார். சொன்னபடி ஐம்பதில் மேலே வந்தார். கயிறு மோட்டாரை ஒரு சுற்று சுற்றியிருந்தது, முடிச்சு விழவில்லை. இன்னொரு நிமிடம் போதும். மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன். ஐம்பது சிலிண்டரைக்கூடக் கழற்றாமல் கிணற்றுப் படியில் தலை குனிந்து உட்கார்ந்து, முடியாதுங்க, முடியாதுங்க என்று மட்டும் சொன்னார். அந்த நிமிடம் எனக்கு அவரை அறவே பிடிக்கவில்லை.

"ஒரு முடிச்சுதானுங்கப்பா, நான் போட்டுட்டு வாரேன்" என்று மச்சான் குதித்துவிட்டான்.

தண்ணீர் அடங்கியது. ஆள் வரவில்லை. கொஞ்சம் குமிழி வந்தது, அதுவும் நின்றது. மாமனார் மகன் பெயரைச் சொல்லிக் கிணற்றைப் பார்த்துக் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் திரும்பிப் பார்த்தபோது படியில் ஐம்பது இல்லை. அன்றைக்குத்தான் அவர் முதன்முறையாகக் கணக்குச் சொல்லாமல் இறங்கினார்.

பாதி ஆழத்தில் அறுந்த பழைய கயிற்றில் மச்சானின் கால் சிக்கியிருக்கிறது. சிலிண்டரிலிருந்த இன்னொரு காற்றுக்குழாயை அவன் வாயில் திணித்து, கயிற்றை அறுத்து, வழியெல்லாம் வயிற்றில் குத்திக் குத்தி மேலே கொண்டுவந்தார். இழுத்த காற்றை ஊதிக்கொண்டே வராவிட்டால், மேலே வர வர அது விரிந்து நெஞ்சைக் கிழித்துவிடுமாம். "காப்பாத்தறாரா கொல்றாரான்னே தெரீலீங்க" என்றான் மச்சான், மூச்சு வந்த பிறகு.

முள் பத்தில் நின்றது. ஐம்பது படியில் சாய்ந்து இருமிவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்க மச்சான் நிமிசத்துக்கு அறுவது லிட்டருங்க. இது மனுசன் மூச்சே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் மகனை மடியில் போட்டுக்கொண்டு அழுதார்.

மோட்டார் அடியிலேயே கிடந்தது. வாடகை மோட்டார் வருவதற்குள் பாதித் தோட்டம் வாடிச் சருகாகிவிட்டது. இதை எழுதும்வரை அந்தப் பாதி தேறவில்லை. மாமனாரும்தான் தேறவில்லை. "போனது கொடிதானுங்க மாப்ள" என்கிறார், ஆனால் அந்தப் பக்கம் நடப்பதில்லை.

காலியான சிலிண்டரை நிரப்ப இங்கே இடம் கிடையாது. ஒருநாள் மச்சான் அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தான். யாரிடமும் சொல்லாமல் பாண்டிச்சேரி வரை போய் வந்திருக்கிறான். மேசைமேல் வைத்துவிட்டு, "எரநூறு பாருங்க" என்றான். பிஎஸ்ஐ தவிர வேறு பேசாத வாய். ஐம்பது முள்ளைப் பார்த்தார், தலையாட்டினார், சிலிண்டரைத் தன் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த கஸ்டமரைத் துரத்தப் போனார்.

இந்த மாதமும் டார்கெட் வரவில்லை. மேனேஜர் நாற்பது லிட்டர் வேகத்தில் கத்திக்கொண்டிருக்கிறார். நான் குனிந்து அந்த மேசைக்கு அடியில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அதில் ஐம்பது எனக்கும் உண்டு என்ற தைரியத்தில்தான் தினமும் ஆபீஸ் வருகிறேன்.