நாலு நீளமுடிக்காரர்களும் என் முன்னறையும்

வாசலை ஒட்டிய முன்னறை இனி என்னுடையது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். ஆண்பிள்ளை முடிவெடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

காரணம் ஒரு டிஸ்க். சாதாரண டிஸ்க் இல்லை, நுணுக்கமான சத்தமெல்லாம் துல்லியமாகக் கேட்கும் ஹை-ரெஸ் ஆடியோ டிஸ்க். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ராக் ஆல்பம். அட்டையில் நாலு நீளமுடிக்காரர்கள் கடன்காரனைப் பார்ப்பதுபோல் நம்மை முறைப்பார்கள். கல்லூரி நாளில் இதையே தேய்ந்துபோன கேசட்டில் கேட்டவன் நான். கேசட்டில் அவர்கள் பக்கத்துத் தெருவில் வாசித்தார்கள். இதில்? ஐயோ, என்னத்தைச் சொல்வேன்! என் மடியில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்! கிட்டார் இடது தோளில் ஏறி, பிடரியைச் சுற்றி, வலது தோளில் இறங்குகிறது! முதல் தடவை கேட்டபோது பயந்து திரும்பிப் பார்த்தேன். மனைவி நின்றிருந்தாள். வாய் மட்டும் அசைந்தது. சத்தத்தைக் குறைத்தேன்.

"ஏங்க, நாலு தடவை கூப்பிட்டேன்."

"காதுல விழலையேம்மா."

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நமக்குள் இருக்கட்டும். 'காதுல விழலையே' என்பது இருபத்திரண்டு வருடமாக என் கவசம். குப்பையை வெளியே வைப்பது, ஒட்டடை அடிப்பது, தண்ணீர் கேன் தூக்குவது எல்லாம் அதில் பட்டுத் தெறித்துவிடும். யாரும் சந்தேகப்படவும் முடியாது. நான் டின் மூடி அடிக்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மணிக்கு நாலாயிரம் மூடி. டங், டங், டங். அங்கே வேலை பார்ப்பவனுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றால் ஊரே தலையாட்டும். உண்மையில் விழுந்ததா, விழவில்லையா என்பது சில சமயம் எனக்கே தெரியாது.

ஒரே இடைஞ்சல், மனைவியின் உத்தியோகம். காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுப்பவள். "ஒரே ஒரு தடவை வந்து உட்காருங்களேன்" என்று இரண்டு வருடமாக நச்சரிப்பு. நானா போவேன்? திருடன் தானாகப் போய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவானா?

குளித்து முடித்து வந்தவளிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"முன்னறையை நான் எடுத்துக்கறேன்."

"எதுக்கு?"

"பாட்டு கேக்க. வெளிச்சத்தமே இல்லாத ரூம் வேணும். இந்த டிஸ்க்ல கொசு பறந்தாக்கூடக் கேக்கும், தெரியுமா?"

"அதுக்கு ஜன்னலைத் திறந்து வெச்சாப் போதுமே. டிஸ்க்கு எதுக்கு?"

"உனக்குப் புரியாது. டிரம்ஸ்ல சிம்பல்னு ஒரு பித்தளைத் தட்டு உண்டு. குச்சியால லேசாத் தொட்டா ஸ்ஸ்ஸ்னு…"

"அது உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்காம? மழைத்தூறல் மாதிரி கேக்குது!"

டிஸ்க்கோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அவள் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"சரி. எடுத்துக்கோங்க."

சண்டைக்கென்று ஏழு பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஏழும் வீண்.

அதோடு விட்டாளா? யோசனை மேல் யோசனை! "கதவு இடுக்குல ரப்பர் வைங்க." வைத்தேன். "ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி போடுங்க." போட்டேன். "சுவர் பூரா ஃபோம் ஒட்டுங்க, கீழே கார்ப்பெட் விரிங்க. செய்யறதைத் திருந்தச் செய்யணும்." மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஏணியில் தொங்கினேன். அவளே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். தலைமுடியில் பசை, புருவத்தில் ஃபோம், மனசில் கிட்டார்!

மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"சார், வீட்டுல எப்படி ஒத்துக்கிட்டாங்க? நான் ரேடியோவுக்கு பேட்டரி மாத்தணும்னாலே மனு எழுதிக் குடுக்கணும்."

"எல்லாம் நாம நடந்துக்கற விதத்துல இருக்கு, சார்" என்றேன். மனைவி அடுப்படியில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

மூன்றாம் ஞாயிறு மாலை வேலை முடிந்தது. கதவைச் சாத்தினால் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. டிஸ்க்கைக் கையில் எடுத்தேன். அப்போது மனைவி ஒரு பெட்டியோடு உள்ளே வந்தாள். அவளுடைய டெஸ்ட் மெஷின்.

"முதல்ல ரூம் எப்படி வந்திருக்குன்னு பார்த்துரலாம். அஞ்சே நிமிஷம். மெல்லிசான கீச்சுச் சத்தம் வரைக்கும் உங்களுக்குக் கேட்டுட்டா, ரூம் ஆயுசுக்கும் உங்களுது."

"கேக்கலன்னா?"

"எனக்கு."

"உனக்கே உனக்கு!" என்று தொடையைத் தட்டினேன். சந்தோஷத்தில் இருப்பவன் வாயைத் திறக்கவே கூடாது.

அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். காதில் ஹெட்ஃபோன். "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க."

பூம் என்றது. தூக்கினேன். பீப் என்றது. தூக்கினேன். அப்புறம் ஒன்றும் இல்லை. அரை நிமிடம். ஆஹா, கீச்சுச் சத்தம் வந்துகொண்டிருக்கிறது போலிருக்கிறதே! தூக்கினேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்கினேன். டின் மூடி அடிக்கிற தாளத்தில், சீராக, கம்பீரமாகத் தூக்கினேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"கடைசியா வந்ததெல்லாம் கேட்டுச்சா?"

"பிரமாதமா! மழைத்தூறல் மாதிரி!"

"கீச்சுச் சத்தமெல்லாம் நீங்க சும்மா இருந்த அரை நிமிஷத்துலயே முடிஞ்சு, மெஷினை ஆஃப் பண்ணிட்டேங்க. அதுக்கப்புறம் பதினோரு தடவை தூக்கினீங்க."

கிராஃபைக் காட்டினாள். கோடு ஒழுங்காக வந்துகொண்டே இருந்தது, பிறகு கிணற்றில் விழுந்துவிட்டது.

"இதுதான் டின் மூடி பண்ணின வேலை" என்றாள். குரலில் கேலி இல்லை. "பின்னால சைக்கிள் பெல் அடிச்சா நீங்க திரும்பறதில்ல. தினம் நீங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் வாசலையே பார்த்துட்டு நிக்கறேன்."

கிராஃபை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தேன். நடிப்பு என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் உண்மையையே பேசியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. அவளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

மறுநாளே முன்னறைக் கதவில் போர்டு ஏறியது. 'காதுப் பரிசோதனை. மாலை ஆறு முதல் எட்டு வரை. ஞாயிறு விடுமுறை.' மாட்ட வந்த பெயின்டரைக் கேட்டேன்.

"எப்பப்பா ஆர்டர் குடுத்தாங்க?"

"மூணு வாரம் ஆச்சு சார். நீங்க ரூமுக்கு அளவெடுத்துட்டு இருந்தீங்களே, அன்னிக்கு."

முதல் நோயாளி நான்தான். இரண்டு காதிலும் கடலைப் பருப்பு அளவில் காது மெஷின். அடுத்த ஞாயிறு அவளே அறையைத் திறந்துவிட்டாள். "இப்பப் போட்டுக் கேளுங்க உங்க டிஸ்க்கை."

போட்டேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

சிம்பல்! சத்தியமாக மழைத்தூறல்! புத்தகத்தில் போட்டிருந்தது பொய்யே இல்லை! பாடுகிறவன் வரிக்கு முன்னால் மூச்சிழுக்கிறான். எவனோ ஸ்டூலில் நகர்ந்து உட்காருகிறான், அது கிறீச்சிடுகிறது! நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தேன். கண்ணில் தண்ணீர். உலகத்தில் இவ்வளவு சத்தமா! இத்தனையும் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தன!

பாட்டு முடிந்தது. பின்னால் கதவோரம் நின்ற மனைவி, எறும்புக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"குப்பை வண்டி வந்திருக்கு."

பழக்கதோஷத்தில் "காதுல…" என்று ஆரம்பித்தேன். அவள் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"…விழுந்துச்சும்மா" என்று குப்பை வாளியைத் தூக்கினேன்.