பொலிவியா போட்ட துண்டு

கண்டம் விட்டுக் கண்டம் போனவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால் தென் அமெரிக்காவை லுங்கி கட்டிக்கொண்டு, பஸ் மாறி பஸ் ஏறி, தெலுங்கு பேசியே கடந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போண்டா போட்டுக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் கடைசியில் நான் அந்த ஊர்த் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஊரே அவரைப் பொலிவியா என்றுதான் கூப்பிட்டது. வாக்காளர் பட்டியலில் என்ன பெயரில் இருந்தாரோ, முருகனுக்கே வெளிச்சம்.

போண்டாவுக்கு வருவதற்கு முன் அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். சிலி நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பலின் இயந்திரம் படுத்துவிட்டது. பதினைந்து நாளுக்குள் அர்ஜென்டினாவில் நிற்கும் வேறொரு கப்பலில் போய்ச் சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். தவறினால் வேலையும் கிடையாது, ஊர் திரும்ப வழியும் கிடையாது. கூட இருந்தவர்கள் ஒழுங்காக நேர்வழியில் போனார்கள். நம்மவர் மட்டும் இருப்பதிலேயே மட்டமான பஸ் எது என்று விசாரித்து, மலைநாடான பொலிவியாவைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். திருத்தணிக்குப் பக்கத்துப் பொதட்டூர்பேட்டையில் நெய்த லுங்கி ஒன்றை மூட்டையாகக் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டார். உள்ளே மாற்று லுங்கி ஒன்று, ஒரு டப்பா பருப்புப்பொடி.

எதற்கு இந்த வீண் வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"கப்பல்ல பதினோரு வருசம் உலகம் சுத்தினேன் சார். பாத்தது பூரா அடுப்புதான்," என்றார்.

நான் இன்னொரு போண்டா வாங்கிக்கொண்டேன்.

திருத்தணிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே நிற்பவருக்குத் தமிழ் புரியவில்லையென்றால் உடனே தெலுங்குக்குத் தாவிவிடுவார்கள். மூன்றாவதாக ஒரு பாஷை இருக்கலாம் என்ற சந்தேகமே அவர்களுக்கு வராது. பொலிவியாவும் அங்கே டிக்கெட் கேட்டது, வழி கேட்டது, கோழிக்கூடையைக் காலில் வைத்தவரிடம் சண்டை போட்டது எல்லாமே தெலுங்கில்தான். அவர்களுக்குப் புரிந்ததா என்றால், "ஆங், புரியாமயா ஏத்திகினு போனாங்க?" என்று என்னையே மடக்குவார்.

லா பாஸ் என்ற ஊர் மேகத்துக்குப் பக்கத்து வீடு. எங்கள் மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் நிற்காமல் ஏறுகிறவர், அங்கே லுங்கியை அவிழ்த்துக் கட்டுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தாராம். நிமிர்ந்தால் பனிமலை. எந்தச் சாமி என்று விசாரிக்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

அங்கேதான் அந்தத் தப்பைச் செய்தார். பொட்டோசி என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏகக் கூட்டம். நம் ஊர்க் கை சும்மா இருக்குமா? தோளிலிருந்த துண்டு ஜன்னல் வழியாக உள்ளே பறந்து ஒரு சீட்டில் விழுந்தது. பாஸ்போர்ட்டும் கப்பல் வேலைக்கான காகிதங்களும் அந்தத் துண்டின் முனையில் முடிந்திருந்தன. டிரைவர் டீ குடிக்காமல் வண்டியை எடுக்க மாட்டார் என்ற திருத்தணி நம்பிக்கையில், இவர் நிதானமாக ஒதுங்கப் போனார். திரும்பி வந்தபோது பஸ் இல்லை.

அடுத்த பஸ் மறுநாள்தான். கெடுவுக்கு ஆறே நாள் பாக்கி. முடிச்சு கிடைக்காவிட்டால் கப்பலும் இல்லை, ஊரும் இல்லை. மறுநாள் சீட்டு காலியாக இருந்தும் உட்காரத் தோன்றாமல், வழி முழுக்க நின்றுகொண்டே போனாராம்.

பொட்டோசி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஆண்பிள்ளைத் தொப்பி வைத்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இவருடைய துண்டு விரித்திருந்தது. முடிச்சு அவிழ்க்கப்படவில்லை.

"பக்கத்து சீட்டுக்காரம்மா சார். நான் துண்டு போட்டதைப் பாத்திருக்காங்க. முந்தின நாள்லேர்ந்து அந்தக் குளிர்ல அங்கயே குந்திகினு, அந்த இடத்துல வேற யாரையும் உக்கார விடல. என்னைப் பாத்ததும் திட்டினாங்க பாருங்க, பெத்த தாய்கூட அப்டித் திட்டினதில்ல."

நான் இதை நம்பவில்லை. அருமையான புளுகு என்று நினைத்தேன். ஆபீசில் தொப்பிக்குப் பதில் குப்பைக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு அந்த அம்மாளாக நடித்தும் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு ஒரு கிருத்திகை வந்தது. மொட்டை போட வந்த கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டே தெரியவில்லை. மாசத்தில் போண்டா உருப்படியாக விற்கிற நாள் அது ஒன்றுதான். பொலிவியாவின் கடையோ சாத்திக் கிடந்தது. அவர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரோ விட்டுப் போன ஒரு துண்டும் துணிமூட்டையும். விடிந்ததிலிருந்து காபிகூடக் குடிக்காமல் அங்கேயேதான் இருக்கிறாராம். போலீஸில் கொடுத்துவிட்டு வியாபாரத்தைப் பாருங்கள் என்று கோபித்துக்கொண்டேன்.

"திரும்பி வர்றவனுக்கு, வச்ச எடத்துல துண்டு இல்லன்னா அப்புறம் எங்கயும் உக்காரத் தோணாது சார்," என்றார். "எனக்குத் தெரியும்."

அந்தக் குரலைக் கேட்டபின் எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. குப்பைக்கூடை ஞாபகம் வந்து கூசியது. இப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

"நீங்க போய் அடுப்பைப் பத்த வைங்க அண்ணா," என்று சொல்லி, அவர் எழுந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். அன்று தாலுகா ஆபீஸ் நான் இல்லாமல்தான் நடந்தது.