சுவர் விட்ட கண்ணீர்

பெரியவர் வீட்டுச் சுவர் அழுகிறது என்ற செய்தி காலையில் கிளம்பியது. மதியத்துக்குள் வாசலில் செருப்பு விட இடமில்லை. அதிசயம் பார்க்க மேடேறுகிறவர்களுக்கு மட்டும் மூட்டு வலிப்பதில்லை.

செங்குத்தான சரிவை வெட்டி, பின்புறத்து மண்ணைத் தாங்க உயரமான கல்சுவர் எழுப்பி, அதை ஒட்டிக் கட்டிய வீடு. வரைபடம் போட்டவள் மருமகள். கட்டடக் கலை படித்தவள். மழைநீர் வடியச் சுவரின் அடியில் வரிசையாகத் துளைகள் விட்டிருந்தாள்.

மழைக்காலத்துக்கு முன்பு ஒரு நாள், மலையின் நாடி பார்ப்பதாகப் பேர் வாங்கிய நாடியார் வந்தார். சுவரில் காதை வைத்தார். "இந்த ஓட்டை வழியா குடும்ப மானம் ஒழுகிப் போகுது" என்றார். பெரியவர் பசி பொறுப்பார். மானம் ஒழுகினால் பொறுப்பாரா? மருமகள் தடுத்தும் கேளாமல், நாடியார் ஊரெல்லாம் விற்றுவந்த மந்திரித்த செப்பு மூடிகளைத் துளைதோறும் அடித்து இறுக்கினார்.

பிறகு மழை. மழைக்குப் பிறகு கண்ணீர். கல்லிடுக்கில் கசிந்ததைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது கூட்டம். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. மலை மூச்சுப் பிடித்திருக்கிறது என்றார் நாடியார். பெரியவர் தலையாட்டினார்.

"வீட்டுக்கு வந்த பொண்ணுதான் காரணம். அவ இங்க இருக்கிற வரைக்கும் மலை அழும்" என்று முடித்தார் நாடியார்.

ஊரே பார்க்கிறது. பெரியவர் மருமகளின் முகத்தைப் பார்க்காமல், "பெட்டியக் கட்டும்மா" என்றார்.

"கட்டுறேன் மாமா. ஆனா இந்தச் சுவர் சரிஞ்சா நீங்க தூங்குற அறை மேலதான் விழும். ஒரு மூடியக் கழட்டிட்டுப் போறேன்."

"தொட்டா ரத்தம் கக்குவே!" என்றார் நாடியார்.

"கக்கினா நீங்க சொன்னது சரின்னு ஆகும். எல்லாரும் பாக்கட்டுமே."

கடப்பாறையால் நெம்பினாள். செம்மண் நீர் பீய்ச்சியடித்து நாடியாரின் வெள்ளைச் சட்டையை நிறம் மாற்றியது. வரிசையாக நான்கைந்து மூடிகளைப் பெயர்த்தாள். கல்லிடுக்கில் கண்ணீர் குறைந்தது. அவள் ரத்தம் கக்கவில்லை, இருமக்கூட இல்லை.

"பாத்தீங்களா, என் சக்தியால மலை மனசு இறங்கிருச்சு!" என்றார் நாடியார், மூக்கிலிருந்த சேற்றைத் துடைத்தபடி. பாதிக் கூட்டம் கைகூப்பியது.

"அப்படியே மேல பாருங்க" என்றாள் மருமகள்.

மலைப்பாதையின் மேல் வளைவில் நாடியாரின் சொந்த வீடு. எல்லோரும் நாள்தோறும் கடந்து போகிற சுவர்தான். அதிலும் வரிசையாகத் துளைகள். ஒன்றில்கூட மூடி இல்லை. தண்ணீர் ஒழுங்காக வடிந்துகொண்டிருந்தது.

பெரியவர் அந்தத் துளைகளை விரல்விட்டு எண்ணினார்.

"ஏன் ஐயா, உங்க மானம் இப்படி ஒழுகுதே, ஒரு மூடி போடக் கூடாதா?"

மூடி வாங்கியவர்கள் தத்தம் வீட்டுச் சுவரை நினைத்து ஓடத் தொடங்கினார்கள். அந்தக் கலவரத்தில் நாடியாரும் ஓடினார்.

பெரியவர் கடப்பாறையை வாங்கிக்கொண்டார். "அடுத்தது எதும்மா, சொல்லு."

சுவரில் அடித்த மூடியைக் கழற்றக் கடப்பாறை போதும். மண்டையில் அடித்துக்கொண்டதை அவரவர்தான் கழற்ற வேண்டும்.