ஆமென் வரைக்கும் ஒரு கொய்யாக் கிளை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் அழகான படம். இன்றைக்கும் என் போனில் இருக்கிறது, அழிக்கப் போவதில்லை. அதைப் பார்த்து நான் செய்த தொட்டிதான் என் அக்காவின் கிளினிக் திறப்பு விழாவைச் சந்தி சிரிக்க வைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த யோசனையே தப்பு என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். (எத்தனை கிறிஸ்துமஸ் வந்தாலும் சரி.)

சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எட்டு வருடம் டெஸ்டராக இருந்தேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் புரட்டிப் போட்டு, இது எங்கே உடையும் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. ஒருநாள், இனி அதையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி எங்கள் டீமைக் கலைத்துவிட்டார்கள். எனக்கு வீம்பு வந்தது. என் வேலையைப் பிடுங்கிய கம்ப்யூட்டரை நான் வேலை வாங்கிக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஏற்கெனவே சின்னதாக ஒரு செடித்தொட்டி வைத்திருந்தேன். கண்ணாடித் தொட்டிக்குள் மண் போட்டு, கல்லும் மரக்கட்டையும் அடுக்கி, தண்ணீருக்கு அடியிலேயே செடி வளர்த்துக் குட்டிக் காடு போல அமைப்பது. மீன் இருக்கும், ஆனால் மீன் அங்கே விருந்தாளிதான். என் திட்டம் இது: வாடிக்கையாளர் என்ன மாதிரித் தொட்டி வேண்டும் என்று சொல்வார், கம்ப்யூட்டர் படம் வரைந்து தரும், நான் அதை அச்சு அசலாகச் செய்து கொடுப்பேன். 'படத்தில் உள்ளபடியே' என்று விசிட்டிங் கார்டு அடித்தேன். அப்போது நான் வெளியாருக்கு ஒரு தொட்டிகூடச் செய்து கொடுத்ததில்லை.

அக்காவின் கணவர் பிரபு அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. அவர் இன்னொரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறார். யார் யாரையோ பிடித்து எனக்கு ஒரு இன்டர்வியூ ஏற்பாடு செய்துவிட்டார், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, கிழக்குத் தாம்பரத்தில் பியூலா அக்காவின் பல் கிளினிக் திறப்பு. பத்து வருடம் மற்றவர்கள் கிளினிக்கில் வேலை பார்த்துவிட்டு அவள் சொந்தமாக ஆரம்பிக்கும் இடம். அங்கே நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் மூன்றடித் தொட்டி வைக்கும் பொறுப்பை அடம் பிடித்து வாங்கினேன். சாப்பாட்டு மேசையில் ஒப்பந்தம் முடிவானது. தொட்டி நன்றாக அமைந்துவிட்டால் இனி யாரும் இன்டர்வியூ என்ற வார்த்தையை எடுக்கக் கூடாது. சொதப்பினால் திங்கட்கிழமை நான் வாயைத் திறக்காமல் போய் உட்கார வேண்டும்.

"உனக்கு மொத கஸ்டமர் நான்தான்டி ஷீபா. மானத்த வாங்கிடாத," என்றாள் அக்கா.

கம்ப்யூட்டரிடம் கேட்டேன். மழை ஓய்ந்த காடு, பாசி படர்ந்த ஒரு கிளை, கீழே பச்சைக் கம்பளமாகச் செடி. பத்து நொடியில் வந்த படத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இடது மூலையிலிருந்து ஒரு கிளை எழுந்து, தொட்டியின் குறுக்கே வளைந்து போய், வலது பக்கம் விரல் விரலாகப் பிரிந்து நின்றது. அப்பாவிடம் ஓடினேன். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கிளை எதுமேல நிக்குது?" என்றார்.

"அது டிசைன்ப்பா."

"சரி. எதுமேல நிக்குது?"

(கலை ரசனைக்கும் கணக்கு வாத்தியாருக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள்.)

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் மார்க்கெட்டில் முரளி அண்ணன் என்று ஒருவர் மீன் கடை வைத்திருக்கிறார். குழம்பு மீன் இல்லை, தொட்டி மீன். அவரிடம் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தவர், "இன்னா மேடம், இந்த மீனுக்கு ரெண்டு வாலு கீது?" என்றார். மீனை விடுங்கள், கட்டையைப் பாருங்கள் என்றேன். கடைக்குப் பின்னால் டிரம்மில் ஊறிக்கொண்டிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இரண்டு மாதமாக ஊறியவை, தொட்டியில் போட்டால் கம்மென்று உட்கார்ந்துகொள்ளும் என்றார். நானும் ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூட வளையவில்லை. எல்லாவற்றையும் நிராகரித்தேன்.

கிடைத்தது பக்கத்து வீட்டில். அவர்கள் பட்டுப்போன கொய்யா மரத்தை வெட்டிச் சுவரோரம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கிளையைப் பார்த்ததும் போனை எடுத்துப் படத்தோடு ஒப்பிட்டேன். அதே வளைவு, அதே விரல்கள். கேட்டு வாங்கி, பட்டையைச் சீவி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, உடன் வந்த நாலு பேரின் சாபத்தையும் வாங்கிக்கொண்டு முரளி அண்ணன் கடைக்கே கொண்டு போனேன், அவர் அசந்து போகட்டும் என்று. அவர் அசரவில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"காஞ்ச கட்டதான், ஷோக்கா கீது. ஆனா மூணு வாரம் ஊறணும் மேடம். இல்லாங்காட்டி மேல வந்துரும். அப்பால என்னாண்ட வந்து நிக்காதீங்க."

திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மீனாவது கொடுங்கள் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். தண்ணீர் பக்குவப்படாத தொட்டிக்கு என் கையால் மீன் தர மாட்டேன் என்றார். சரி, தன் கட்டை விலை போகவில்லை என்ற கடுப்பு என்று நான் முடிவு கட்டினேன். இரண்டு கல்லை வாங்கிக்கொண்டு வந்து, கிளையின் இரண்டு முனையையும் பஞ்சும் பசையும் வைத்துக் கல்லோடு ஒட்டி, அதன்மேல் மண்ணைக் கொட்டி மூடினேன்.

கிளினிக்கில் பெயின்ட் அடிப்பதும் ஒயர் இழுப்பதும் வெள்ளிக்கிழமை வரை ஓடியது. அதனால் தொட்டியில் தண்ணீர் விடவில்லை. பாசியைக் கிளையில் கட்டி, செடியை நட்டு, காயாமல் இருக்க ஸ்பிரே மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இல்லாத அந்த நாட்களில் தொட்டி படத்தில் உள்ளபடியே இருந்தது, இதைச் சத்தியம் செய்து சொல்வேன். அப்பாகூட வந்து போனையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அவரிடம் 'ம்' வாங்குவது நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய மாதிரி. எட்டு வருடம் அடுத்தவர் வேலையைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவள், என் சொந்த வேலையில் ஒரு தடவை தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம் என்று நினைக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை, மண் கலையாமல் இருக்க ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்பதரைக்கு நிரம்பியது. கிளை அசையவில்லை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் காவல்காரி மாதிரி நின்றேன். உறவும் சபையாருமாக நாற்பது பேர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, மீன் எங்கே. இது செடித்தொட்டி, மீன் பிறகு வரும் என்று பதினான்கு தடவை விளக்கினேன். எங்கள் சித்தி மட்டும் திருப்தி அடையாமல், "அப்ப தண்ணிக்குள்ள கீரை போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

பாஸ்டர் ஐயா ஜெபிக்க எழுந்தார். நல்ல மனிதர், ஆனால் சுருக்கமாக ஜெபிக்கத் தெரியாதவர். எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடினோம். கிளினிக்கின் நான்கு சுவரையும் ஆசீர்வதித்தார். நாற்காலியை, பல் தோண்டும் மெஷினை, அதற்கு வரும் மின்சாரத்தை ஆசீர்வதித்தார். தாம்பரத்தில் தொடங்கி வண்டலூர் வரைக்கும் பல்வலியால் அவதிப்படும் அத்தனை பேருக்காகவும் வேண்டிக்கொண்டிருந்தபோது, என் காதருகே டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

ஒரு கண்ணைத் திறந்தேன். கிளையின் இடது முனை கல்லை விட்டு மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது.

யோசிக்க நேரம் இல்லை. கார்டுகளைக் கீழே போட்டுவிட்டு, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டு அதை அமுக்கினேன். தண்ணீர் வழிந்து புடவையில் இறங்கியது. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. இப்படியே பிடித்துக்கொண்டு நின்றால் போதும், ஆமென் சொல்வதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன். (என் வாழ்க்கையிலேயே பாஸ்டர் ஐயா இன்னும் நீளமாக ஜெபிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.) அப்போது வலது பக்கமும் டிக் என்றது. அந்த முனை எனக்கு எட்டவில்லை.

எங்கிருந்தோ ஒரு கை வந்து அதைப் பிடித்தது. புதிதாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கைக்கு மேல் நனைந்திருந்தது. பிரபு அத்தான். கண்ணை மூடாமல் இருந்த இன்னொரு பாவி. கிளை அடங்கியது. நன்றியோடு அவரைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் பேசினார்.

"திங்கட்கிழமை பத்து மணி. போறேன்னு சொல்லு."

"இப்பவா அத்தான்?"

"சொல்லு. இல்லன்னா கைய எடுத்துருவேன்."

இந்த இடத்தில் புத்தியுள்ள பெண் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். சரி என்று ஒரு வார்த்தை. அக்காவின் விழா பிழைத்திருக்கும். என் மானமும் பிழைத்திருக்கும். ஆனால் நான் செய்து கொடுத்த முதல் தொட்டியைப் பிணையாக வைத்து என்னைத் திரும்ப ஆபீசுக்கு அனுப்பப் பார்க்கிறார் என்ற ஆத்திரம்தான் மேலே வந்தது.

"எடுத்துக்கோங்க," என்றேன்.

அவர் எடுத்துவிட்டார். நான் எதிர்பார்க்கவில்லை, உண்மையைச் சொன்னால் அவரும் எதிர்பார்க்கவில்லை. கிளை மேலே மிதக்கவில்லை, பாய்ந்தது. விளக்கைத் தட்டிவிட்டது, ஒரு பக்கெட் தண்ணீரை அத்தான் மேல் வீசியது, அடியில் கொட்டியிருந்த கறுப்பு மண் மொத்தத்தையும் கிளறிவிட்டது. பாஸ்டர் ஐயா அந்த நேரம் பார்த்து, இந்த இடத்தில் நிலவும் அமைதிக்காக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஆமென் என்றார்.

நாற்பது பேர் கண்ணைத் திறந்தார்கள். டிகாக்ஷன் நிறத்தில் ஒரு தொட்டி. அதில் தோள்வரைக்கும் கையை விட்டபடி நான். தலைமுடியில் பாசியோடு அத்தான்.  முதல் வரிசையிலிருந்து சித்திதான் வந்து உள்ளே எட்டிப் பார்த்து, "மீன் விட்டாச்சா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அக்காவை மட்டும் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் சிரித்ததற்காக இல்லை, அவளுடைய நாளைக் கெடுத்துவிட்டேனே என்று. அவள் மெல்ல வந்து தொட்டிக்கு முன்னால் நின்றாள், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"நல்லா பாத்துக்கோங்க. தினமும் ஆறு காபி குடிச்சா பல்லு இந்தக் கலர்லதான் வரும். யாருக்குச் செக் பண்ணணுமோ வரிசையா உள்ள வாங்க."

முதல் ஆளாகச் சித்தி போனார். உள்ளே போகிற வழியில் அக்கா என் காதில், "மூணு வாரம் தரேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா அந்தக் கட்டையாலயே அடிப்பேன்," என்றாள்.

திங்கட்கிழமை நான் போகவில்லை. ஒப்பந்தத்தை மீறிவிட்டாய் என்று அத்தான் குதித்தார். அக்கா மூன்று வாரம் தவணை கொடுத்திருக்கிறாள், ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று நான் வாதாடினேன். வழக்கு அப்பாவிடம் போனது. "கணக்கு பாதியில நிக்குது. போட்டு முடிக்கட்டும்," என்று தீர்ப்பு சொன்னார் அவர்.

கொய்யாக் கிளையை மொட்டைமாடி டிரம்மில் போட்டு, அம்மிக்கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். தினமும் கல்லை எடுத்துப் பார்ப்பேன், அதுவும் தினமும் மேலே வந்து என்னைப் பார்க்கும். பத்தொன்பதாம் நாள் வரவில்லை. அடியிலேயே கிடந்தது. நான் போட்ட கூச்சலில் அப்பா மூச்சு வாங்க மாடிக்கு ஓடி வந்தார். இந்தத் தடவை கிளையைத் தலைகீழாகத் திருப்பி, மூன்று இடத்தில் தரையில் ஊன்றி வைத்தேன். எதன்மேல் நிற்கிறது என்று யாரும் கேட்க முடியாது. படத்துக்கும் அதற்கும் துளி ஒற்றுமை இல்லை. பாசி தனக்குப் பிடித்த பக்கம் போனது, செடி வெளிச்சம் இருந்த பக்கம் சாய்ந்தது. இரண்டு மாதம் கழித்து முரளி அண்ணன் தானாகவே கிளினிக்குக்கு வந்து தண்ணீரைச் சோதித்துவிட்டு, "இப்ப தர்றேன் மேடம்," என்று மீன் பையை நீட்டினார். எல்லாமே ஒற்றை வால்.

இப்போது அதுதான் என் தொழில். போனில் கம்ப்யூட்டர் படத்தோடு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு காய்ந்த கட்டையைப் போட்டுக் காட்டுகிறேன். பிறகுதான் பேச்சு. பழைய கார்டுகளில் 'படத்தில் உள்ளபடியே' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, 'படத்தைப் பார்த்து' என்று எழுதிக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் தண்ணீரில் கை நனைக்காது, நான் நனைப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று அத்தானிடமும் சொல்லிவிட்டேன்.

வீட்டில் மட்டும் விமோசனம் இல்லை. குடும்ப ஜெபம் தொடங்கும்போதெல்லாம் அப்பா ஒரு அறிவிப்புச் செய்வார். "எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. ஷீபா, நீ மட்டும் தொறந்தே வெச்சுக்கோ." ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார்கள். நானும் சொன்னபடி திறந்தே வைத்துக்கொள்கிறேன். போன கிறிஸ்துமஸுக்கும் அப்படித்தான். அப்பா ஜெபித்துக்கொண்டே வந்து, ஷீபாவின் கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும் என்றார். எதிரே பிரபு அத்தான் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பார்த்தபடியே தன் சட்டைக் கையை மெதுவாக மேலே மடிக்க ஆரம்பித்தார்.

தேவையில்லை அத்தான், இறக்கிவிடுங்கள் என்று ஜாடை காட்டினேன்.